மொக்கைப் படமும் முன்வரிசை நண்பர்களும்

1/
மொக்கைப் படத்தைத் தனியா உக்காந்து பார்த்தா தலைவலி வரும். அதே படத்தை நாலு நண்பர்களோட பார்த்தா வயித்துவலி வரும், சிரிச்சுச் சிரிச்சு. படம் அதேதான். பக்கத்துல யார் இருக்காங்க என்பது மட்டும்தான் மாறுது.

இந்த ஒரு விஷயத்தை வைத்தே அமெரிக்காவில் ஒரு நண்பர் கூட்டம் வருஷக்கணக்கில் டிவி நிகழ்ச்சி நடத்தியது. யாருக்கும் வேண்டாத, விசித்திரமான பழைய படங்களைத் தேடி எடுத்து, ஓடவிட்டு, கூடவே உட்கார்ந்து கலாய்த்தார்கள். அந்தக் கதைதான் இன்றைக்கு. கொஞ்சம் நீளமான இழை. டீயோ காபியோ எடுத்துக்கிட்டு வாங்க.

2/
முதலில் ஒன்றைத் தெளிவாக்கிடலாம். இது 'லொள்ளு சபா' மாதிரி இல்லை. அங்கே படத்தை மறுபடி நடித்துக் கிண்டல் செய்வார்கள். இங்கே படத்தில் ஒரு காட்சியையும் மாற்றி நடிப்பதில்லை. அது பாட்டுக்கு ஓடும். வசனத்துக்கும் வசனத்துக்கும் நடுவில் கிடைக்கும் இடைவெளியில் இவங்க கமெண்ட் அடிப்பாங்க. நம்ம ஊர் தியேட்டரில் கடைசி வரிசைக் குரல்களைக் கேட்டு வளர்ந்தவங்களுக்கு இந்தக் கலையைப் பற்றி விளக்கமே தேவையில்லை.

சிரிப்போட கூடவே ஒரு கேள்வியும் இருக்கு. அந்தப் படத்தை எடுத்தவங்களும் மனுஷங்கதானே? அவங்க உழைப்பைப் பார்த்துச் சிரிக்கலாமா? அதுக்கும் வர்றேன்.

3/
இந்தப் பழக்கத்தின் வேர் 1950-களில் இருக்கிறது. 1954-ல் லாஸ் ஏஞ்சலஸில் கே.ஏ.பி.சி. என்ற டிவி நிலையம், இரவு நேரத்தில் பழைய பேய்ப் படங்களைப் போட்டது. அதைத் தொகுத்து வழங்க மைலா நுர்மி என்ற நடிகை 'வாம்பைரா' என்ற வேஷத்தில் வந்தார். கறுப்பு கவுன், நூல் மாதிரி இடுப்பு, முகத்தில் சாவுக்களை, வாயில் நக்கல். படத்தை விட அவரைப் பார்க்கத்தான் கூட்டம்.

1957-ல் யூனிவர்சல் நிறுவனத்தின் 52 பழைய திகில் படங்கள் 'ஷாக்' என்ற பெயரில் ஒரே மூட்டையாக டிவி நிலையங்களுக்கு விற்கப்பட்டன. ஊருக்கு ஊர் இப்படி ஒரு பேய்த் தொகுப்பாளர் முளைத்தார்.

4/
கிளீவ்லாந்தில் 1963 முதல் 1966 வரை கலக்கியவர் 'கூலார்டி'. வேஷத்துக்குள் இருந்தவர் எர்னி ஆண்டர்சன். பின்னாளில் பெரிய இயக்குநரான பால் தாமஸ் ஆண்டர்சனின் அப்பா. ஓடுகிற படத்துக்கு நடுவிலேயே தன் உருவத்தை நுழைத்து, பாத்திரங்களோடு சேர்ந்து ஓடுவது போலக் காட்டுவார். "படம் மோசம், பார்க்காதீங்க" என்கிற ரீதியில் அவரே சொல்வார். ஜனங்க விடாம பார்த்தாங்க.

1976-ல் நியூயார்க்கின் வேவர்லி தியேட்டரில் 'தி ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ' நள்ளிரவுக் காட்சியாக ஓட ஆரம்பித்தது. பார்வையாளர்கள் திரையைப் பார்த்துப் பதில் சொல்ல ஆரம்பித்தார்கள். நல்ல கமெண்ட் அடுத்த வாரமும் வரும். மொக்கை கமெண்ட் தானாகச் செத்துவிடும். இப்படியே பார்வையாளர்களின் வசனம் ஒரு தனி ஸ்கிரிப்டாக வளர்ந்தது.

5/
இதுவரைக்கும் எல்லாம் ஜாலி. இனிமேல் கொஞ்சம் கசப்பு.

1980-ல் ஹாரி மெட்வெட், மைக்கேல் மெட்வெட் என்ற சகோதரர்கள் 'தி கோல்டன் டர்க்கி அவார்ட்ஸ்' என்று ஒரு புத்தகம் போட்டார்கள். உலகத்தின் படுமோசமான படங்களுக்குக் கேலி விருது. எக்காலத்துக்கும் மோசமான படம்: 'பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்'. எக்காலத்துக்கும் மோசமான இயக்குநர்: அதை எடுத்த எட் வுட்.

6/
'பிளான் 9' கதையில் மருத்துவர்களுக்குச் சுவாரசியமான ஒரு பகுதி உண்டு. 1931-ல் டிராகுலாவாக உலகையே மிரட்டிய பெலா லுகோசி, கடைசிக் காலத்தில் எட் வுட் படங்களில் நடித்துக்கொண்டிருந்தார். காலில் இறங்கும் சியாட்டிகா நரம்பு வலிக்காக மார்ஃபின் எடுக்க ஆரம்பித்து, அதற்கே அடிமையானவர். 1955-ல் தானாகவே முன்வந்து கலிஃபோர்னியா அரசு மருத்துவமனையில் சிகிச்சைக்குச் சேர்ந்தார். தனக்குப் போதைப் பழக்கம் இருக்கிறது என்று ஒரு சினிமா நட்சத்திரம் வெளிப்படையாகச் சொல்வது அந்தக் காலத்தில் சாதாரண விஷயமில்லை. ஒரு டாக்டரா, டிராகுலாவை விட இந்த லுகோசி மேல எனக்கு மரியாதை ஜாஸ்தி.

7/
1956 ஆகஸ்டில் லுகோசி இறந்துவிட்டார். எட் வுட்டிடம் இருந்தது அவரை வைத்து எடுத்த சில நிமிஷக் காட்சிகள், அதுவும் வசனமில்லாதவை. அதை வைத்தே ஒரு முழுப் படம் எடுக்கத் துணிந்தார். மீதிக் காட்சிகளுக்கு லுகோசி இடத்தில் நின்றது யார் தெரியுமா? தன் மனைவிக்கு வைத்தியம் பார்த்த கைரோபிராக்டர்! லுகோசியை விட உயரம், முகஜாடையும் கிடையாது. அதனால் படம் முழுக்க ஒரு கறுப்பு அங்கியை மூக்கு வரைக்கும் தூக்கிப் பிடித்துக்கொண்டே நடப்பார்.

அந்தப் படத்தில் வாம்பைராவும் உண்டு. டிவி வேலை போன பிறகு, வசனமே பேசாமல் நடந்து போகும் பிணமாக.

8/
எட் வுட் குடிக்கு அடிமையாகி, வாடகை கொடுக்க முடியாமல் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டு, சில நாளில் ஒரு நண்பர் வீட்டில் மாரடைப்பால் இறந்தார். 1978 டிசம்பர் 10. வயது 54. இரண்டே வருஷத்தில் கேலி விருது வந்து சேர்ந்தது.

அந்தப் புத்தகத்தால்தான் பலர் எட் வுட் படங்களைத் தேடிப் பார்த்தார்கள் என்பதும் உண்மை. 1994-ல் டிம் பர்ட்டன் அவர் வாழ்க்கையையே படமாக எடுத்தார். லுகோசியாக நடித்த மார்ட்டின் லாண்டோவுக்கு ஆஸ்கார் கிடைத்தது. ஆனால் எதையும் பார்க்க எட் வுட் இல்லை. பட்டியல் போட்டு "இவன்தான் மட்டம்" என்று முத்திரை குத்தும் சிரிப்பு ஒரு வகை. பக்கத்தில் உட்கார்ந்து சிரிப்பது இன்னொரு வகை. அந்த இரண்டாவது வகைக்கு மினியாபொலிஸ் போவோம்.

9/
மினசோட்டா மாநிலம். அமெரிக்காவின் வடக்கு எல்லை, எலும்பை உறைய வைக்கும் குளிர். அங்கே மினியாபொலிஸ் நகரத்தில் ஜோயல் ஹாட்ஜ்சன் என்ற நகைச்சுவைக் கலைஞர். தானே செய்த விசித்திரமான கருவிகளை மேடைக்குக் கொண்டுவந்து சிரிக்க வைப்பவர். டேவிட் லெட்டர்மேன் நிகழ்ச்சி, 'சாட்டர்டே நைட் லைவ்' எல்லாவற்றிலும் தலைகாட்டியவர். ஹாலிவுட் ஒத்துவரவில்லை என்று எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊருக்கே திரும்பி வந்தார்.

அங்கே கே.டி.எம்.ஏ. என்று ஒரு சின்ன உள்ளூர் சேனல். எண் 23. அதன் தயாரிப்புப் பொறுப்பில் இருந்த ஜிம் மாலன், "நம்ம சேனலுக்கு ஏதாவது பண்ணலாமா?" என்று கேட்டார்.

10/
சேனலில் பணமில்லை. ஆனால் பழைய படங்கள் இருந்தன. ஜோயல் யோசித்தார். சின்ன வயசில் பார்த்த எல்டன் ஜான் இசைத்தட்டு உறையில் ஒரு ஓவியம்: தியேட்டரில் உட்கார்ந்து படம் பார்ப்பவர்களின் நிழல். 1972-ல் வந்த 'சைலன்ட் ரன்னிங்' படத்தில் விண்கலத்தில் தனியாக மாட்டிக்கொண்ட ஒருவனும் அவனுக்குத் துணையான குட்டி ரோபோக்களும். இரண்டையும் சேர்த்தார்.

கதை தயார். ஒரு கிறுக்கு விஞ்ஞானி ஒரு சாதாரண ஊழியனை விண்வெளிக்கு அனுப்பி, மொக்கைப் படங்களாகப் போட்டு அவன் மூளை எப்போது கலங்குகிறது என்று பரிசோதிக்கிறார். (அந்த விஞ்ஞானி பேர் டாக்டர் ஃபாரெஸ்டர். வில்லன்னா உடனே ஒரு டாக்டர்தான் கிடைக்கிறாரு இவங்களுக்கு.)

11/
அவன் என்ன செய்கிறான்? தனியாகப் பார்த்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று விண்கலத்தின் உதிரிபாகங்களைக் கழற்றி, பேசும் ரோபோக்களாக நண்பர்களைச் செய்துகொள்கிறான்.

இந்த ஒரு வரிக் கதையை நான் மிகவும் ரசிக்கிறேன். தப்பிக்க ஆயுதம் செய்யவில்லை. கூட உட்கார்ந்து கமெண்ட் அடிக்க ஆள் செய்கிறான்.

நிஜத்திலும் அந்த ரோபோக்கள் காயலான் கடைச் சரக்குதான். டாம் சர்வோவின் தலை, காசு போட்டால் பபிள்கம் மிட்டாய் விழும் கண்ணாடி உருண்டை. க்ரோவின் முகம் பவுலிங் கட்டையும் சோப்பு டப்பாவும் விளையாட்டு வீரர்களின் முகக்கவசமும்.

12/
நண்பர்கள் வந்து சேர்ந்தார்கள். ட்ரேஸ் போலியு க்ரோவுக்குக் குரல் கொடுத்தார், விஞ்ஞானியாகவும் நடித்தார். ஜாஷ் வைன்ஸ்டீன் டாம் சர்வோ. அப்போது அவருக்கு வயசு 17! சேனலில் ஏற்கெனவே வேலை பார்த்த கெவின் மர்ஃபி கேமரா முதல் எழுத்து வரை எல்லாவற்றிலும்.

1988 நவம்பர் 24, அமெரிக்காவில் நன்றி நவிலும் பண்டிகை நாள். அன்றுதான் முதல் ஒளிபரப்பு. திரையின் அடியில் சினிமா நாற்காலி வரிசையின் நிழல். அதில் மூன்று உருவங்கள்: நடுவில் மனிதன், இருபக்கமும் ரோபோக்கள். வீட்டில் தனியாக டிவி பார்ப்பவருக்குக்கூட, முன்வரிசையில் நம்ம கூட்டம் உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு பிரமை. இந்த நிழல்தான் நிகழ்ச்சியின் உயிர்.

13/
யாராவது பார்க்கிறார்களா என்று தெரிந்துகொள்ள, ஒரு தொலைபேசி எண்ணைத் திரையில் போட்டார்கள். பதில் பதிவு செய்யும் இயந்திரம் நிரம்பி வழிந்தது. பாராட்டு நிறைய. "படத்தைப் பார்க்க விடாம எதுக்குப் பேசறீங்க?" என்று திட்டியவர்களும் உண்டு. இரண்டையும் நிகழ்ச்சியிலேயே ஒலிபரப்பினார்கள்.

ஒரு வருஷத்தில், 1989 நவம்பரில், நாடு முழுக்கத் தெரியும் கேபிள் சேனலுக்கு நிகழ்ச்சி போனது. அந்தச் சேனல் பிறகு 'காமெடி சென்ட்ரல்' ஆனது.

14/
உள்ளூர் சேனல் காலத்தில் வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். கேபிளுக்குப் போனதும் எழுத ஆரம்பித்தார்கள். எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து, படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, யாருக்கு எது தோன்றினாலும் சொல்ல, ஒருவர் எல்லாவற்றையும் குறித்துக்கொள்வார். அதில் வடிகட்டி, வசனத்தை மறைக்காத இடம் பார்த்துச் செருகுவார்கள். ஒரு படத்துக்கு 600, 700 கமெண்ட் வரைக்கும் போகும்.

வாய்க்கு வந்தபடி பேசுவதுதான் அழகு என்று நினைத்த ஜாஷ் முதல் கேபிள் பருவத்தோடு விலகினார். டாம் சர்வோ கெவின் மர்ஃபி கைக்கு வந்தது. அவர்கள் எழுத்து மேசையில் மைக் நெல்சன், ஃப்ராங்க் கானிஃப், மேரி ஜோ பெல் என்று கூட்டம் பெருகியது. 1993-ம் ஆண்டுக்கு அமெரிக்க ஒளிபரப்புத் துறையின் மிகப் பெரிய கௌரவங்களில் ஒன்றான பீபாடி விருதும் கிடைத்தது.

15/
இங்கே ஒரு சின்ன மருத்துவ இடைவேளை. கூட்டமாகச் சிரிப்பதில் அப்படி என்ன இருக்கிறது?

ராபர்ட் ப்ரோவைன் என்ற அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர், ஜனங்கள் சாதாரணமாகப் பேசிக்கொள்ளும்போது எங்கே சிரிக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டே போனார். தனியாக இருக்கும்போது சிரிப்பதை விட மற்றவர்களோடு இருக்கும்போது சுமார் 30 மடங்கு அதிகம் சிரிக்கிறோம் என்று கண்டார். இன்னொரு ஆச்சரியம்: பெரும்பாலான சிரிப்பு எந்த ஜோக்குக்கும் பிறகு வருவதில்லை. "சரி, அப்புறம் பார்க்கலாம்" மாதிரி சப்பை வாக்கியங்களுக்குப் பிறகுதான் வருகிறது. அதாவது ஜோக்கை விட ஆள்தான் முக்கியம்.

16/
2011-ல் ராபின் டன்பார் குழுவினர் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். பங்கேற்றவர்களுக்கு நகைச்சுவைக் காட்சிகளைப் போட்டுச் சிரிக்க வைத்து, முன்னும் பின்னும் வலியை எவ்வளவு தாங்குகிறார்கள் என்று அளந்தார்கள். கையில் சுற்றிய உறைபனிப் பட்டை, இறுக்கிக்கொண்டே போகும் பிபி கருவியின் பட்டை, இதெல்லாம்தான் வலி தரும் உபகரணம். வயிறு குலுங்கச் சிரித்த பிறகு வலி தாங்கும் அளவு கூடியிருந்தது.

2017-ல் ஃபின்லாந்தின் துர்கு நகர ஆய்வாளர்கள், 12 ஆண்களை அவரவர் நெருங்கிய நண்பர்களோடு அரை மணி நேரம் காமெடி பார்த்துச் சிரிக்க வைத்து, பிறகு மூளையை பெட் ஸ்கேன் எடுத்தார்கள். உடம்பு தானாகவே சுரக்கும் ஓபியாய்டுகள் வெளிவந்ததற்கான அடையாளம் தெரிந்தது.

17/
யோசிச்சுப் பாருங்க. லுகோசி ஊசியில் தேடிய மார்ஃபின் போய் உட்காரும் அதே பூட்டு. அதைத் திறக்க உடம்புக்குள்ளேயே ஒரு சின்னச் சாவி இருக்கு. நண்பர்களோடு சிரிக்கும்போது அது கொஞ்சம் திரும்புகிறது.

12 பேர் என்பது சின்ன ஆய்வு. அதனால "டாக்டரே சொல்லிட்டாரு"ன்னு வலி மாத்திரையையும் பிபி மாத்திரையையும் தூக்கிப் போட்டுட்டு மொக்கைப் படம் பார்க்க உக்காந்துடாதீங்க. மாத்திரையைப் போட்டுட்டு உக்காருங்க.

18/
இப்போது இந்த இழையின் நாயகனுக்கு வருவோம். படத்தின் பெயர் 'மேனோஸ்: தி ஹேண்ட்ஸ் ஆஃப் ஃபேட்'. ஸ்பானிஷில் 'மேனோஸ்' என்றால் கைகள். ஆக, தலைப்பைத் தமிழில் சொன்னால் 'கைகள்: விதியின் கைகள்'. தலைப்பிலேயே ஆரம்பிச்சாச்சு.

டெக்சாஸ் மாநிலத்தின் எல் பாசோ ஊரில் ஹெரால்டு வாரன் என்று ஒருவர். உரமும் காப்பீடும் விற்பவர். உள்ளூர் நாடகங்களில் நடிப்பார். ஸ்டர்லிங் சிலிஃபன்ட் என்ற திரைக்கதை ஆசிரியரிடம் "பேய்ப் படம் எடுப்பது ஒன்றும் கஷ்டமில்லை, நானே எடுத்துக் காட்டுகிறேன்" என்று பந்தயம் கட்டினார். சிலிஃபன்ட் சில வருஷத்தில் ஆஸ்கார் வாங்கியவர். வாரன் எடுத்தது இந்தப் படம்.

19/
செலவு சுமார் 19,000 டாலர். சாவி கொடுத்து ஓட்டும் 16 மி.மீ. கேமரா. ஒரு முறை சாவி கொடுத்தால் 32 நொடிதான் ஓடும். அதற்குள் காட்சியை முடிக்க வேண்டும். ஒலிப்பதிவு கிடையாது. பிறகு மூன்று நாலு பேர் உட்கார்ந்து எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுத்தார்கள். இரவுக் காட்சிகளில் விளக்கு வெளிச்சத்துக்கு வந்த அந்துப்பூச்சிகள் நடிகர்களை விட அதிகமாக நடித்தன. ஒரு காட்சியில் கிளாப் பலகையே தெரியும்.

நடிகர்களுக்குச் சம்பளம் இல்லை, லாபத்தில் பங்கு. லாபம் எங்கே வந்தது? கையில் ஏதாவது கிடைத்தது இருவருக்குத்தான் என்பார்கள். குழந்தையாக நடித்த ஜாக்கி நீமனுக்கு ஒரு சைக்கிள். அவர்கள் வீட்டு நாய்க்கு ஒரு மூட்டை நாய்த் தீனி.

20/
1966 நவம்பர் 15, எல் பாசோவின் கேப்ரி தியேட்டரில் முதல் காட்சி. வானத்தில் தேடுவிளக்கு. நட்சத்திரங்கள் காரில் வந்து இறங்க வேண்டுமே? வாடகைக்கு எடுத்தது ஒரே ஒரு கார். ஒரு குழுவை இறக்கிவிட்டுத் தெருவைச் சுற்றிப் போய் அடுத்த குழுவை ஏற்றிக்கொண்டு வரும்.

படம் ஓடியது. அரங்கம் சிரித்தது. பேய்ப் படத்துக்கு. திரையில் தன் வாயிலிருந்து யாரோ ஒரு பெரிய பெண்ணின் குரல் வருவதைக் கேட்டு, சின்னப் பெண் ஜாக்கி அழுதுவிட்டாள்.

21/
அந்த அரங்கில் இல்லாத ஒருவர்: ஜான் ரெனால்ட்ஸ். படத்தில் டோர்கோ என்ற காவலாளி. நடுங்கும் கை, வீங்கிய முழங்கால், விசித்திரமான நடை. படத்தைப் பார்த்த யாருக்கும் மறக்காத பாத்திரம். முதல் காட்சிக்கு ஒரு மாதம் முன்பு, 25 வயதில், அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

முழங்காலில் கட்டிய கம்பிக் கட்டின் வலியால் வலி நிவாரணிக்கு அடிமையானார், அதனால்தான் இறந்தார் என்று ஒரு கதை சுற்றுகிறது. கூட நடித்த நீமன் குடும்பம் அதை மறுத்திருக்கிறது. ஒரு மனிதரின் மரணத்துக்கு இப்படி ஒற்றைக் காரணம் கட்டுவது எப்போதுமே தவறு.

(இதைப் படிக்கிற யாருக்காவது மனசு தாங்கலைன்னா 14416-க்குக் கூப்பிடுங்க. இலவசம், தமிழ்லயே பேசலாம்.)

22/
படம் செத்தது. கொஞ்ச நாள் அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஓடி மறைந்தது. வாரன் 1985-ல் காலமானார். கதை அங்கே முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் ஃப்ராங்க் கானிஃப் என்று ஒரு எழுத்தாளர் சொன்னேனே, அவருடைய வேலை சேனல் அனுப்பும் கேசட் பெட்டியில் கலாய்க்கத் தோதான படம் தேடுவது. ஒரு நாள் 'மேனோஸ்' மாட்டியது. 1993 ஜனவரி 30 அன்று ஒளிபரப்பானது. நிகழ்ச்சியிலேயே வில்லன்கள் இருவரும் "இந்தப் படத்தைப் போட்டதுக்கு மன்னிச்சுக்க" என்று கைதியிடம் மன்னிப்புக் கேட்கிறார்கள். அந்த அளவுக்கு மோசம். அந்த அளவுக்குச் சிரிப்பு. 26 வருஷம் யாரும் சீண்டாத படம் ரசிகர்களின் செல்லமாக மாறியது.

23/
நண்பர்கள் என்றால் சண்டை இல்லாமலா? நிகழ்ச்சியைச் சினிமாவாக எடுப்பது பற்றி ஜோயலுக்கும் ஜிம் மாலனுக்கும் ஒத்துவரவில்லை. 1993-லேயே ஜோயல் விலகினார். மைக் நெல்சன் அந்த நாற்காலிக்கு வந்தார். "ஜோயலா, மைக்கா?" என்று ரசிகர்கள் இன்றும் அடித்துக்கொள்கிறார்கள், நாம் எம்.எஸ்.வி.யா இளையராஜாவா என்று மல்லுக்கு நிற்பது போல.

1996-ல் காமெடி சென்ட்ரல் நிகழ்ச்சியை நிறுத்தியது. ரசிகர்கள் காசு சேர்த்து சினிமா வணிகப் பத்திரிகையில் முழுப் பக்க விளம்பரம் கொடுத்தார்கள். வேறு சேனலில் 1999 வரை ஓடியது.

24/
அதற்குப் பிறகும் எப்படி வாழ்ந்தது? நிகழ்ச்சியின் முடிவில் எழுத்து ஓடும்போது ஒரு வரி வரும்: கேசட்டைச் சுற்றுக்கு விடுங்கள் என்று. ரசிகர்கள் அப்படியே செய்தார்கள். பதிவு செய்த கேசட் கைமாறிக் கைமாறி நாடு முழுக்கப் போனது. பல பகுதிகளைக் கடையில் விற்கவே முடியாது, உள்ளே ஓடும் படத்தின் உரிமை வேறு யாரிடமோ இருக்கும்.

பிரிந்த நண்பர்கள் 2000-களில் இரண்டு அணியானார்கள். மைக், கெவின், பில் கார்பெட் சேர்ந்து 'ரிஃப்ட்ராக்ஸ்'. ஜோயல், ட்ரேஸ், ஃப்ராங்க், மேரி ஜோ, பழைய ஜாஷ் சேர்ந்து 'சினிமாட்டிக் டைட்டானிக்'. வேலை அதேதான். 2016 ஜூன் 28 அன்று மினியாபொலிஸில் இரு அணியும் ஒரே மேடையில் ஒன்றாக உட்கார்ந்து படம் பார்த்தார்கள். 2015-ல் நிகழ்ச்சியை மீட்டெடுக்க ஜோயல் கேட்ட நிதிக்கு 48,270 ரசிகர்கள் சேர்ந்து 57 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்திருந்தார்கள்.

25/
இப்போது ஆரம்பத்தில் கேட்ட கேள்வி. சிரிக்கலாமா?

2011-ல் பெஞ்சமின் சொலோவே என்ற இளைஞர் பழைய படச்சுருள்களை ஏலத்தில் வாங்கினார். அதில் 'மேனோஸ்' படத்தின் 16 மி.மீ. மூலப் பிரதி இருந்தது. எடிட்டிங்குக்குப் பயன்படுத்தியது. உலகம் அதுவரை பார்த்ததெல்லாம் மங்கிப்போன நகலின் நகல். படத்தைச் சீரமைக்க 10,000 டாலர் கேட்டார். 48,000-க்கு மேல் வந்தது. கலாய்த்த அதே கூட்டம் கொடுத்த காசு. சுத்தமாக்கிய படம் 2015-ல் ப்ளூ-ரேயாக வந்தது.

அந்தக் காலத்து எத்தனையோ 'நல்ல' படங்களுக்கு இன்று ஒரு பிரதிகூட இல்லை. இதற்கு இருக்கிறது.

26/
முதல் காட்சியில் அழுத ஜாக்கி? வளர்ந்து ஓவியரானார். அந்தப் படத்தோடு வளர்ந்த கதையைப் புத்தகமாக எழுதினார். படத்தில் வில்லனாக நடித்தவர் அவருடைய சொந்த அப்பா டாம் நீமன். செட், சிற்பங்கள், வில்லனின் அந்த அங்கிக்கான வடிவம் எல்லாம் அப்பாவின் கைவேலை. ரசிகர்கள் அதையெல்லாம் ஒன்று விடாமல் கவனித்திருந்தார்கள். 2018-ல் வெளிவந்த 'மேனோஸ் ரிட்டர்ன்ஸ்' படத்தில் அப்பாவும் மகளும் மறுபடி சேர்ந்து நடித்தார்கள். படம் வெளிவரும் முன்பே அப்பா இறந்துவிட்டார். ஆனால் தன்னைக் கொண்டாடும் ஒரு கூட்டம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டுதான் போனார். எட் வுட்டுக்குக் கிடைக்காதது அது.

27/
என் பதில் இதுதான். மோசமான படத்துக்கு உண்மையான அவமானம் பாதியில் எழுந்து போவது. அப்புறம் மறந்துவிடுவது. கலாய்க்கிற நண்பர்கள் கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்தார்கள். திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பூச்சி எங்கே பறந்தது, கதவு எந்தப் பக்கம் திறந்தது என்பது வரை அவர்களுக்குத் தெரியும். பட்டியல் போட்டு முத்திரை குத்துபவருக்கு இந்தப் பொறுமை தேவையில்லை.

எல்லை ஒன்று உண்டு. படம் தடுமாறுவதைப் பார்த்துச் சிரிக்கலாம். நடித்தவரின் உடம்பையும் நிறத்தையும் வைத்துச் சிரித்தால் அது கலாய்ப்பில்லை. இந்த நிகழ்ச்சியும் சில இடங்களில் அந்தக் கோட்டைத் தாண்டியது. அந்த வரிகள் இன்று கேட்டால் சிரிப்பு வருவதில்லை.

28/
மருந்துச்சீட்டு:

பழைய மொக்கைப் படம் ஒண்ணு. மாசத்துக்கு ஒரு தடவை. குறைஞ்சது மூணு பேர். போன் பக்கத்து ரூம்ல இருக்கட்டும். பாதியில் நிறுத்தக் கூடாது, கோர்ஸை முழுசா முடிக்கணும். பக்கவிளைவு: பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டலாம். அவரையும் உள்ள கூப்பிட்டு உக்கார வைங்க.

காலேஜ் ஹாஸ்டல்ல, மேன்ஷன்ல, ரூம்ல உங்க கேங் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கலாய்ச்ச படம் எது? கீழே சொல்லுங்க. அந்த கேங்ல இப்ப பேச்சுவார்த்தை இல்லாம இருக்கிற ஆள் யாராவது இருந்தா, எனக்குச் சொல்றதுக்கு முன்னாடி அவருக்கு அந்தப் படத்தோட பேரை மட்டும் ஒரு மெசேஜ் போடுங்க.